கிடா எத்தனை கிலோ?

நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தும் எங்க வீட்டுக் கிடா எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிடாக்களை வித்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டினாங்க.

திருவண்ணாமலை பக்கத்துல எங்க ஊர். வியாபாரி வருவார், கிடாவைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். அம்மா தலையாட்டுவாங்க. நானோ ஸ்கூல் ஃபார்மில் பெற்றோர் தொழில் 'விவசாயம்' என்று எழுதுவேன். 'ஆடு வளர்ப்பு' என்று எழுதக் கூச்சம்.

இந்த செமஸ்டர் லீவில் அம்மாவை, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் திருவண்ணாமலை பயிற்சி மையத்துக்கு பைக்கில் கூட்டிட்டுப் போனேன். சும்மா பின்னால் உட்கார்ந்தவன், நோட்ஸ் எடுக்க ஆரம்பித்தேன். குடற்புழு மருந்து, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி எல்லாம் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது கணக்குதான். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறி. 20 கிலோ கிடா என்றால் 10 கிலோவுக்குள். கடையில் கறி என்ன விலை என்று தெரிந்தால் மிச்சத்தை நாமே போட்டுப் பார்க்கலாம்.

தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு 50% மானியம் உண்டு. ஆனால் அது 100 பெட்டை, 5 கிடாவிலிருந்துதான் தொடங்குது. எங்களிடம் மொத்தமே 14. அதனால் முதலில் ஒரு தொங்கு தராசு வாங்கினோம்.

அடுத்த முறை வியாபாரி தூக்கிப் பார்த்து, "16 கிலோ தேறும்மா" என்றார்.

"19 இருக்குண்ணே, பையன் எடை போட்டுட்டான்" என்றாங்க அம்மா.

விலை 1,000 ரூபாய் ஏறியது.

போன வாரம் பிளேஸ்மென்ட் ஃபார்மில் 'ஆடு வளர்ப்பு' என்றே எழுதினேன். உங்க வீட்டுத் தொழிலோட கணக்கு உங்களுக்குத் தெரியுமா?