ஒன்றரை பார்

என் சித்தப்பா மகனுக்குப் பத்தொன்பது வயது. தானா ராத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை. முட்டைக்கோஸைக் குரங்கு தின்கிறது, அதனால் வீட்டிலேயே ஒரு காற்றுத் துப்பாக்கி செய்யப்போகிறேன் என்று போன வருடம் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினான். கூடவே மூன்று கேள்விகள். "அண்ணே, எந்த வால்வு போடலாம்? ட்ரிக்கர் எப்படி வைக்கிறது? ரெகுலேட்டர் எத்தனை பாருக்கு வாங்கணும்?"

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் காற்றழுத்தக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. ஆக, சரியான ஆளிடம்தான் கேட்டிருந்தான். செய்யாதே என்றேன். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகத்தான் பார்க்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், செய்வது அதைவிடப் பெரிய குற்றம். அது போக, 200 பார் அழுத்தத்தை வீட்டில் ஒட்டவைத்த குழாய்க்குள் அடைப்பவன் குரங்குக்கு முன்னால் தன் முகத்தைத்தான் குறிவைக்கிறான். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டான். ஆனால் அவன் கேட்ட மூன்று கேள்விகள் என்னை விடவில்லை.

ஏனென்றால் அவை மிகச் சரியான கேள்விகள். காற்றை அடைத்து வைத்து வேலை வாங்கும் எந்தக் கருவிக்கும் இவைதான் அடிப்படை. ரெகுலேட்டர் எவ்வளவு அழுத்தம் வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும். சமையலறை கேஸ் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. ட்ரிக்கர், மனிதக் கை கொடுக்கும் உத்தரவு. வால்வு, அந்த உத்தரவை நிறைவேற்றும் கதவு. துப்பாக்கியில் அந்தக் கதவு ஒரு நொடியின் சிறு துணுக்குக்குள் முழுசாகத் திறந்து மூட வேண்டும். அவ்வளவு அழுத்தமும் ஒரே அடியில் குண்டின் முதுகில் விழ வேண்டும்.

கேமரன் மலைக்கு இந்த விஷயம் புதிதும் இல்லை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைப் பற்றி எழுதுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, இங்கே வாழ்ந்த செமாய் மக்கள் காற்றால் வேட்டையாடினார்கள். நீளமான கணு கொண்ட மூங்கிலில் செய்த ஊதுகுழல். அம்புக்குப் பின்னால் மென்மையான பஞ்சு வைத்துக் காற்று கசியாமல் அடைப்பார்கள். இப்போது நாங்கள் ரப்பர் வளையம் போட்டுச் செய்கிற வேலை அது. அந்தக் குழலுக்கு வால்வும் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை. நெஞ்சுதான் தொட்டி, வாய்தான் கதவு. செய்கிறவர், சுமக்கிறவர், ஊதுகிறவர் எல்லாம் ஒரே ஆள். குழலில் குறை இருந்தால் அதைச் செய்தவருக்கே முதலில் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு காற்றுக் கருவியைச் சுமந்தவர் என் பெரியம்மா. தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருடம் மருந்தடித்தார். அவர் அதை 'பம்பு' என்பார்.

முதுகில் மாட்டும் மருந்து பம்பைப் பலரும் தண்ணீர்த் தொட்டி என்றே நினைக்கிறார்கள். அதுவும் காற்றால் இயங்குவதுதான். இடது கையால் நெம்புகோலை ஏற்றி இறக்கும்போது மருந்து ஒரு சிறிய அறைக்குள் தள்ளப்படுகிறது. அங்கே மேலே அடைபட்டிருக்கும் காற்று சுருங்கி, ஸ்ப்ரிங் மாதிரி மருந்தை வெளியே உந்துகிறது. வலது கையில் நீளமான குழல், அதில் ட்ரிக்கர், முனையில் நாசில். பதினாறு லிட்டர் மருந்தோடு சேர்த்தால் சுமை இருபது கிலோவைத் தொடும். அதைச் சுமந்துகொண்டு, நேராக நிற்கவே முடியாத சரிவில் ஏற வேண்டும்.

துப்பாக்கிக்கு வேண்டியதற்கு நேர் எதிரானது இதற்கு வேண்டும். ஒரே அடியாக இல்லாமல், நாள் முழுக்க ஒரே சீராகப் போக வேண்டும். களைக்கொல்லிக்கு ஒன்று அல்லது ஒன்றரை பார் போதும். ரெகுலேட்டர் இல்லாத பம்பில் அந்த ஒன்றரை பாரைத் தீர்மானிப்பது பெரியம்மாவின் இடது கை. காலையில் தெம்பாக அடித்தால் அழுத்தம் ஏறும். ஏறினால் மருந்தும் கூடும் என்று நினைப்போம். ஆனால் நாசிலில் வெளியேறும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை நான்கு மடங்கு ஆக்கினால்தான் மருந்து இரண்டு மடங்கு வரும். மீதி சக்தி துளிகளை உடைத்துப் பொடியாக்கப் போகிறது. பெரிய துளி புல்லில் விழும். பொடித்துளி காற்றில் நிற்கும். மலையில் வெயில் ஏறினால் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். மேட்டில் நிற்பவர் முகம்தான் அதற்கு வழி.

"வாயில ஒரு மாதிரி இனிப்பா இருக்கும்டா, அப்புறம் கசக்கும்" என்று பெரியம்மா ஒருமுறை சொன்னார். சாதாரணமாக, பழைய சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது போல.

இதைத் தடுக்க ஒரு சின்னப் பாகம் உண்டு. குழலில் திருகி மாட்டும் சீரழுத்த வால்வு. குறிப்பிட்ட அழுத்தம் வந்தால்தான் திறக்கும், கை எவ்வளவு வேகமாக அடித்தாலும் வெளியே அதே அழுத்தம், அழுத்தம் இறங்கினால் தானே மூடிக்கொள்ளும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெரியம்மாவின் பம்பில் அது இருந்ததில்லை. ட்ரிக்கரில் வாஷர் தேய்ந்து மணிக்கட்டு வழியாக மருந்து ஒழுகியது. அதற்கு அவர் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டியிருந்தார். மூடி சரியாக இறுகாததால் குனியும்போதெல்லாம் முதுகு நனைந்தது. பம்பு தோட்டத்து ஸ்டோரிலிருந்து வந்தது. வாங்கியவர் அதை ஒருநாளும் மாட்டிப் பார்த்ததில்லை.

என் தம்பி தனக்காக ஒரு கருவி செய்ய நினைத்தபோது மூன்று ராத்திரி வீடியோ பார்த்து வால்வுகளை ஒப்பிட்டான். தானே பிடிக்கப்போகிறவன் அப்படித்தான் தேர்ந்தெடுப்பான். பெரியம்மாவுக்காக யாரும் மூன்று நிமிடம்கூட ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். இது தனி மனிதரின் கெட்ட மனசு இல்லை. தேர்ந்தெடுப்பவரும் சுமப்பவரும் வேறு வேறு ஆளாகிவிட்டால், கருவிகள் இப்படித்தான் வந்து சேரும்.

அந்தத் தொட்டிக்குள் இருந்தது பல வருடம் பாராகுவாட். 1962இலிருந்து விற்பனையில் இருந்த களைக்கொல்லி. உடலுக்குள் போனால் நுரையீரலை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது. அடிக்கும் தொழிலாளருக்கு நகம் நிறம் மாறி உரிவதும் மூக்கில் ரத்தம் வடிவதும் மருத்துவ நூல்களில் பதிவானவை. தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். டெனகனித்தா அமைப்பு 2002இல் அவர்களைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே வருடம் அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. முழுத் தடை அமலுக்கு வந்தது 2020 ஜனவரி 1 அன்று. நமக்கு உறவான இலங்கைத் தேயிலை மலைகளில் அதற்குப் பல வருடம் முன்பே அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவில் 2007இலிருந்து அதை அடிக்க அனுமதி இல்லை, ஆனால் பிரிட்டனில் ஏற்றுமதிக்காகத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நல்ல வால்வு இருந்திருந்தால் பெரியம்மாவின் நகங்கள் பிழைத்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன். குறைந்திருக்கும், நின்றிருக்காது. பாதுகாப்புப் பொறியியலில் ஒரு வரிசை சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தைத் திருத்து. கையுறையும் முகமூடியும் கடைசிப் படி. தோட்டங்களில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. முதலில் கையுறை கொடுத்து, 'போடவில்லை' என்று அவர்களையே குற்றம் சொன்னார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பூச்சிக்கொல்லி நடத்தை விதி இதை யோசித்திருக்கிறது. அசௌகரியமான, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்தைத் தவிர்க்க வேண்டும், அதுவும் வெப்பநாடுகளில், என்கிறது. சரிவில் இருபது கிலோ சுமந்து ஏறும்போது ரப்பர் முகமூடி போட்டால் மூச்சு விட முடியாது என்று பெரியம்மாவும் சொன்னார். அவர் சொன்னது 'சோம்பேறித்தனம்' என்று எழுதப்பட்டது.

தடை வந்தது நல்லது. முதல் படியே நடந்தது. ஆனால் மருந்து மாறியதே தவிர தொட்டி மாறவில்லை. கவாத்து வெட்டிய மலையில் வெயில் தரையில் விழுந்தால் களை முளைக்கும். அதற்கு வேறு களைக்கொல்லி வரும், அது போவது அதே முதுகுப் பம்பில். தமிழர்கள் பெரும்பாலும் மலையிறங்கிவிட்டார்கள். நானும் அப்படி இறங்கியவன்தான், பெரியம்மாவின் சம்பளத்தில் படித்து இறங்கியவன். இப்போது அங்கே வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள்.

இந்த வருடம் தீபாவளி விடுமுறையில் மலைக்குப் போனபோது ஒரு தேயிலைச் சரிவின் ஓரத்தில் மருந்தடித்து முடித்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நேப்பாளத்திலிருந்து வந்து நான்கு வருடம் ஆகிறதாம். உடைந்த மலாயில் இருவரும் பேசிக்கொண்டோம். பம்பைக் காட்டச் சொன்னேன், சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டினார். புதுத் தொட்டி, நல்ல பிளாஸ்டிக். குழலில் ரெகுலேட்டர் இல்லை. ட்ரிக்கரைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒழுகுது" என்றார்.