ரத்தத்தில் இருப்பது

"படிப்பெல்லாம் அவங்க ரத்தத்துலயே இருக்கு." விடுதி நாட்களில் நாங்கள் கேட்டுச் சலித்த பேச்சு. இன்று ரத்தம் போய் 'ஜீன்' வந்துவிட்டது. இடஒதுக்கீடு என்று வாய் திறந்தாலே இழுக்கிறார்கள்.

சரி தோழர்களே, ஜீனையே கேட்போம். ஐதராபாத் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 73 குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் சொன்னது: சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தத் துணைக்கண்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் கலந்திருக்கிறார்கள். பிறகுதான் கதவு அடைபட்டது. கலப்பில்லாத ரத்தம் அக்ரகாரத்திலும் இல்லை, சேரியிலும் இல்லை.

அடைத்த கதவு மிச்சம் வைத்தது அறிவை அல்ல, நோயை. வைசியர்களில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்காது. தானாக மூச்சுவிட மணிக்கணக்காகும். சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் தங்கிப்போன மரபணுக் குறை அது. அவர்களைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. உட்சாதி பார்த்துப் பெண் தேடும் நம் வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அதற்காக நம் உரிமைக்கு ஆய்வகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. மூக்கை அளந்து சாதிகளை வரிசைப்படுத்திய வெள்ளைக்கார அதிகாரி ரிஸ்லியும் அதை விஞ்ஞானம் என்றுதான் சொன்னார்.

டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாத 1916 மே மாதத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சாதியின் சாரம் அகமணம்தான் என்று கட்டுரை வாசித்தார் 25 வயது அம்பேத்கர். அதற்கு நூறாண்டு நிறைய இரண்டு மாதம் இருந்தபோது, 2016 மார்ச்சில், கௌசல்யாவை மணந்த சங்கரை உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள்.