பஞ்சுப் பனியும் பாறைப் பாசியும்

ஆரணியை அடுத்த சமவெளிச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தோம் நாம். வீட்டுத் திண்ணையிலிருந்து மேற்கே நோக்கினால் வானத்தின் விளிம்பில் நீலக் கோடாக ஜவ்வாது மலை தெரியும். தேனும் புளியும் கடுக்காயும் அங்கிருந்து சந்தைக்கு இறங்கும். கமண்டல நாகநதியின் வெள்ளமும் அங்கிருந்தே இறங்கும். இறங்கி வருவனவற்றைக் கண்டிருந்தோமேயன்றி, ஏறிச் சென்று அம்மலையிலே கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவைக் கொண்டாடும் பேறு ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நமக்குக் கிட்டியது. அப்பயணத்தைப் பற்றி எழுதுமுன் ஒரு முதியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம் சிறுவயதில் ஊர்ப் பங்கிலே இத்தாலி நாட்டுக் குரு ஒருவர் இருந்தார். வட இத்தாலியில், பியெமொந்தே மாநிலத்துக் குன்றுகளிடையே பிறந்தவர். திருவருகைக் காலத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால், பழைய சாக்கையும் காகிதக் கூழையும் கொண்டு மலை செய்து, குடிசை கட்டி, சுரூபங்களைத் துடைத்து அடுக்குவார். எல்லாம் முடிந்தபின் ஒரு சுருள் பஞ்சைப் பிரித்துக் கூரைமேலும் மலைமேலும் தூவுவார். அது யாது என வினவினால், "பனி" என்பார். வேப்பமரத்து நிழலில் வியர்த்துக்கொண்டு நிற்கும் நாங்களும் அது பனியே என நம்பினோம்.

பெத்லகேமில் அன்றிரவு பனி பெய்ததாக நற்செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. புனித லூக்கா தீவனத் தொட்டியைச் சொல்லுகிறார். வயல்வெளியில் தங்கிக் கிடை காத்த இடையரைச் சொல்லுகிறார். குளிரையோ வெயிலையோ சொல்லவில்லை. ஆயினும் பஞ்சு ஒட்டாத குடில் குடிலே அன்று என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. குருமடத்தில் மறைநூல் கற்ற பின்னரும் நாமே அதைப் பல ஆண்டுகள் ஒட்டியிருக்கிறோம்.

அம்முதியவர் ஒருமுறை தம் தாயைப் பற்றிச் சொன்னார். அவர்கள் வீட்டில் குடில் வைப்பதற்கு முந்திய நாள், பிள்ளைகள் கூடையுடன் காட்டுக்குச் செல்வார்களாம். மரத்தடியிலும் பாறையிலும் படர்ந்துள்ள பசும்பாசியைப் பாய் பாயாகப் பெயர்த்து வந்து, அதன்மேல்தான் பாலனைக் கிடத்துவார்களாம். மாலையில் தாயார் கஷ்கொட்டை என்னும் மலைக் கொட்டையைத் தணலில் சுட்டுத் தருவாராம். வட ஆர்க்காட்டில் கஷ்கொட்டைக்கு எங்கே போவது? அவர் நிலக்கடலையைச் சுட்டு எங்களுக்குத் தந்தார். பாசிக்குத்தான் வழியில்லை. எங்கள்மீது இரங்கியோ தம்மீது இரங்கியோ, குளத்துப் பாசியை வாரிவந்து பரப்பிப் பார்த்தார். இரண்டாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே எறிய வேண்டியதாயிற்று! அதன் பின் சிரட்டையில் நெல்லை முளைக்க வைத்துப் பச்சைக்குச் சேர்த்துக்கொண்டார். பஞ்சு மட்டும் எங்கும் கிடைத்தது. ஆகவே பஞ்சு நிலைத்தது.

இவரைப்போன்றவர் பலர். சலேசிய சபையார் 1906-ஆம் ஆண்டு தஞ்சைக்கு வந்தனர். 1928-இல் மெடர்லெட் ஆண்டகை சென்னைப் பேராயரானது முதல் வட ஆர்க்காட்டுப் பகுதியிலே அவர்களது பணி வேரூன்றியது. 1952-இல் வேலூர் தனி மறைமாவட்டமாயிற்று. இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின் நாடுகளிலிருந்து வந்த அக்குருக்களுள் பலர் திரும்பிச் செல்லவேயில்லை. அவர்கள் கட்டிய பள்ளிகளைப் பற்றி நாம் விழா மலர்களில் எழுதுகிறோம். வெப்ப நாட்டிலே, தாய் இல்லாத டிசம்பர்களை அவர்கள் எங்ஙனம் கழித்தனர் என்பதை நாம் கேட்டதில்லை.

இனி மலைக்கு வருவோம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் பேருந்தில் ஏறினோம். வளைவுகள் தொடங்கியதும் காற்று மாறுகிறது. சன்னலோரத்தில் இருந்தவர் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்கிறார். சந்தனத்துக்குப் பேர்பெற்ற இம்மலையில் இன்று சந்தன மரத்தைக் காண்பது அரிது. வெட்டியவர்கள் வெட்டிப் போயினர். சாமை வயல்கள் அறுவடை முடிந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தன. மலைமக்கள் தம்மை மலையாளிகள் என்கின்றனர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. அவர்களும் ஒரு காலத்தில் ஊர்விட்டு ஊர் வந்தவர்களே! இம்மலையின் தென்புறம் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், வழிப்போக்கரை மலைக்குடியினர் வரவேற்று உண்பிக்கும் திறத்தை விரித்துரைக்கிறது. நாம் இறங்கிய சிற்றூரில், முகம் அறியாத வீட்டில் முதலில் கைக்கு வந்தது சூடான சாமைக் கஞ்சியும் மொச்சைக் குழம்புமே.

அங்கே மருத்துவப் பணியாற்றும் செவிலி ஒருவர் இருந்தார். தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்தவர். இரு பிள்ளைகளுடன் மலையிலே தங்கியிருந்தார். கணவர் குவைத்தில். தாயார் கடற்கரை ஊரில். அவர்களுடைய ஒரே குடும்பத்துக்கு மூன்று இடத்தில் திருவிழா. குவைத்தில் டிசம்பர் 25 அரசு விடுமுறை நாள் அன்று. வேலை முடித்து, நகரிலுள்ள திருக்குடும்பப் பேராலயத்துக்குச் சென்று பூசை காண்பது அவருடைய வழக்கம் என்றார் அம்மையார்.

"அம்மா வீட்டில் இருபத்து மூன்றாம் தேதியே முறுக்குச் சுடத் தொடங்கிவிடுவோம், சாமி. பக்கத்து வீட்டுக்கெல்லாம் தட்டு போகும். இங்கே வந்த முதல் ஆண்டு ஒன்றுமே செய்யவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் கேட்கிறார்களா எனத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இவ்வாண்டு அவர் விடுவதாயில்லை. புதுச் சாமை மாவில் முறுக்குப் பிழிந்தார். எண்ணெயில் இட்டதும் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊர்ப் பெண்கள் சிரித்து, சாமை மாவை வெல்லப்பாகில் பிசைந்து அதிரசமாகத் தட்டிக் காட்டினர். நான்கு தட்டு கருகி, ஐந்தாவது தட்டு தேறியது. கருகியதையும் நாம் உண்டோம் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

அந்த ஊரில் வேறு பல வீடுகளிலும் ஓர் இடம் காலியாயிருந்தது. மலையில் பிழைப்புப் போதாமல் ஆண்கள் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் இறங்கிப் போகிறார்கள். மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேருள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அவர்கள் பெயரை அன்றைய மன்றாட்டில் சேர்க்கும்படி ஒரு மூதாட்டி வந்து கேட்டார். அவர் திருமுழுக்குப் பெற்றவர் அல்லர். நாம் சேர்த்தோம்.

குடில் வைக்கும் நேரம் வந்தது. செவிலியம்மையார் மருந்தகத்துக்கென்று தாம் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பஞ்சுச் சுருளைக் கொணர்ந்தார். நாமும் பழக்க தோஷத்தால் அதைப் பிரித்துக் கூரையில் ஒட்டத் தொடங்கினோம். மேற்சொன்ன மூதாட்டி சிறிது நேரம் பார்த்திருந்து, "இது என்ன சாமி?" என்றார்.

"பனி, பாட்டி."

"பனியா? பனி புல்லிலே இருக்கும். விடியவிடிய நம்ம கூரையிலேயும் இறங்கும், கை வைத்தால் ஈரம்தான். இப்படி மூட்டையாகக் குவியுமா?"

நமக்கு விடை வரவில்லை. தமிழில் பனி என்பது மார்கழிப் புல்லின்மேல் நிற்கும் நீர்த்துளி. ஐரோப்பாவில் வானிலிருந்து வெண்துகளாய் விழுந்து குவிவதற்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டோம்; சொல் ஒன்றாயிருந்தமையால் பொருளும் ஒன்றென எண்ணி ஐம்பது ஆண்டு பஞ்சு ஒட்டினோம். மூதாட்டி கேட்டதற்குப் பின் பெத்லகேமின் உயரத்தை எண்ணிப் பார்த்தோம். அது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 775 மீட்டர் உயரத்திலுள்ள மலையூர். நாம் நின்ற மலையிலே, 1968-இல் நிறுவப்பட்ட காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில் உள்ளது. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ஆம் ஆண்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி முதற்குடில் அமைத்த கிரேச்சியோவும் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலுள்ள சிற்றூரே. (திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாள் குடிலைப் பற்றிய தம் மடலில் கையொப்பமிட்டதும் அவ்வூரில்தான்.) பெத்லகேமில் சில குளிர்காலங்களில் வெண்பனி விழுவதுண்டு, ஆனால் ஆடு அடையும் குகை, கல் நிலம், போர்வைக்குள் ஒடுங்கும் இரவு ஆகியவற்றை ஆரணிச் சமவெளியைக் காட்டிலும் இந்த மலையூர் நன்கு அறியும்.

பஞ்சைச் சுருட்டிச் செவிலியம்மையாரிடம் திருப்பிக் கொடுத்தோம், புண்ணுக்குப் பயன்படும். சிறுவர்களை நோக்கி, "குடிலுக்கு உங்கள் மலையிலிருந்து என்ன கொண்டுவருவீர்கள்?" என்று கேட்டோம். ஓடினார்கள். ஒருவன் களத்திலிருந்து சாமை வைக்கோல் கொண்டுவந்தான். ஒருத்தி ஆட்டுக்குட்டியையே தூக்கி வந்தாள். அது சூசையப்பர் சுரூபத்தை முட்டித் தள்ளியது. கடைசியாக இரு சிறுவர்கள் ஒரு முறத்தைத் தாங்கிப் பிடித்து வந்தனர். ஓடைப் பாறையிலிருந்து பெயர்த்த பாசி. மழைக்காலம் முடிந்த ஈரத்தில், விரல் கனத்தில், கம்பளம்போல் பாய் பாயாக, ஒரு கிழிசல் இன்றி.

முறத்தின்முன் சிறிது நேரம் நின்றுவிட்டோம். நம் முதிய குருவின் நினைவு. அவர் பங்கு வளாகத்து மாடியிலிருந்து பார்த்தால் இதே மலை தெரியும். நாற்பது ஆண்டுக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடிய பாசி கூப்பிடு தொலைவில், ஒவ்வொரு மார்கழியும் தழைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. நிலக்கடலை கிடைத்ததே என்று மகிழ்ந்திருந்த அவரது முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

பாசியை விரித்து, சாமை வைக்கோல் இட்டு, நள்ளிரவுத் திருப்பலியில் பாலனைக் கிடத்தினோம். மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிய நட்சத்திரத்துள் ஒரு சிறு விளக்கு மட்டும் எரிந்தது. இருள் வேண்டும் காவலூர் அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக! வெளியே வந்தபோது வானம் முழுதும் விண்மீன்கள். 2020 டிசம்பர் 21-ஆம் நாள் வியாழனும் சனியும் ஒன்றையொன்று நெருங்கிய காட்சியை இம்மலையில் கண்டதாகப் பெரியவர் ஒருவர் சொன்னார். இவ்விரு கோள்களும் கி.மு. 7-இல் மும்முறை நெருங்கியதைக் கெப்ளர் கணக்கிட்டு, ஞானிகளின் விண்மீனோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்ததை அவருக்குச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் சரி, விடிந்தால் உறைபனி இருக்கும், சால்வையைப் போர்த்துங்கள்" என்றார்.

மறுநாள் இரவு ஒன்பது மணிக்குச் செவிலியம்மையார் பிள்ளைகளுடன் ஊருக்கு மேலுள்ள பாறையில் ஏறினார். அங்கேதான் கைப்பேசிக்குத் தொடர்பு கிட்டும். நாமும் விளக்கைப் பிடித்துக்கொண்டு உடன் சென்றோம். குவைத்தில் அப்போது மாலை ஆறரை. கணவர் வேலையிலிருந்து பேராலயத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். இளையவள் கருவியைப் பறித்துக்கொண்டு, "அப்பா, இந்த முறை பஞ்சு இல்லை, பாசி! நிஜப் பாசி!" என்று கத்தினாள். மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார். "இல்லை, நாறாது" என்றாள்.

மலையைவிட்டு இறங்குமுன் மூதாட்டியிடம் விடைபெற்றோம். மூவரசர் திருநாள் முடிந்ததும் அந்தப் பாசியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது, எடுத்த பாறையிலேயே கொண்டுபோய் ஒட்டிவிட வேண்டும் என்று சிறுவர்களை எச்சரித்துக்கொண்டிருந்தார். அடுத்த மார்கழிக்கும் வேண்டுமாம்.