உங்கள் வேகம் போதும், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

 

தெப்பக்குளத்துக்கு நடக்கப் போவதை நிறுத்திவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். "எதிர்வீட்டு அக்கா கூடப் போனேன், மூச்சு வாங்குது, மறுநாள் முட்டி பிடிச்சுக்குது, எனக்கெல்லாம் இது ஒத்துவராது" என்றீர்களாம். போனில் நான் ஏதாவது சொன்னால் "சரிடி, பார்ப்போம்" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒத்துவராமல் போனது எதிர்வீட்டு அக்காவின் வேகம். அவர் பல வருஷமாக நடக்கிறவர். அவர் சும்மா நடப்பதே உங்களுக்கு ஓட்டமாக இருக்கும். பிசியோதெரபிக்கு என்னிடம் வருகிற பெண்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். ஆசையாக ஆரம்பிப்பார்கள், பழகினவர்களோடு ஈடுகொடுத்து நடப்பார்கள், நெஞ்சு படபடக்கும், கால் கடுக்கும். அந்த அவஸ்தையை உடம்பு மறக்காது. நாலாம் நாள் காலையில் எழுந்திருக்கவே மனசு வராது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். கஷ்டமாக இருந்ததை மனசு தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். கஷ்டமில்லாத அளவில் ஆரம்பித்தால் தள்ளிப்போடக் காரணம் இருக்காது.

அந்த அளவைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். திணறாமல் பேச முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் நடையைக் குறையுங்கள். தெப்பக்குளத்தை முழுசாகச் சுற்ற வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பக்கமே ஏறக்குறைய ஆயிரம் அடி இருக்கும். முதல் இரண்டு வாரம் அந்த ஒரு பக்கம் போய், கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். இன்னும் கொஞ்சம் நடக்கலாம் போல இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்த ஆசை மிச்சம் இருந்தால் மறுநாள் கால் தானாகக் கிளம்பும்.

தம்பி வாங்கிக் கொடுத்த வாட்சில் 10,000 காலடி காட்டவில்லை என்று வருத்தப்படுகிறீர்களாம். அந்த எண் டாக்டர்கள் ஆராய்ந்து சொன்னது இல்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்க வைத்துக்கொண்ட கணக்கு. சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்த முடிவு 2019-இல் வெளிவந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. 7,500-ஐ ஒட்டிய இடத்தோடு அந்த லாபம் பெரும்பாலும் நின்றுவிட்டது. குறைவாக நடப்பவர் கூடுதலாக எடுத்துவைக்கும் அடிக்குத்தான் பலன் அதிகம். இதுவரை நடக்காத உங்களுக்கு அந்தச் சின்னத் தூரம் கொடுப்பது எதிர்வீட்டு அக்காவுக்குக் கூடக் கிடைக்காது.

வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அது மெல்ல மெல்லப் போய்ச் சேர வேண்டிய இடம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையை 2020-இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

உங்கள் சர்க்கரைக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகளை இரண்டு விதமாக நடக்கவைத்துப் பார்த்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல நடந்தபோது இருந்ததைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வித்தியாசம் இன்னும் அதிகம். இரவு சாப்பிட்டதும் சீரியல் முன்னால் உட்காராமல் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடங்கள். தெருவுக்குப் போக வேண்டாம், யாரும் பார்ப்பார்கள் என்ற கூச்சமும் இல்லை.

"நாள் பூரா வேலை செய்யிறேனே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். கூட்டுவதும் துடைப்பதும் மாடிப்படி ஏறுவதும் நிச்சயம் கணக்கில் வரும். ஆனால் அடுப்படியில் நின்று தோசை ஊற்றும் ஒரு மணி நேரத்தில் கால் வலிக்குமே தவிர நெஞ்சுக்கு வேலை இல்லை. அந்த வலியை உழைப்பு என்று எண்ணி நம் பெண்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

முட்டிக்கு வருகிறேன். தொடைச் சதை பலமாக இருந்தால் முட்டி மேல் விழும் பாரம் குறையும். அதற்கு ஒரு பயிற்சி போதும். கைப்பிடி இல்லாத நாற்காலியை நகராதபடி சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன் முன்பாதியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, குதிகாலைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வையுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். உண்மையான வேலை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. கை ஊன்றாமல் எழ முடியாவிட்டால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து முறை போதும், வாரத்தில் இரண்டு மூன்று நாள். 1990-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய, தள்ளாடி நடந்தவர்களுக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. உங்களுக்கு 52 தானே ஆகிறது!

இந்த வயதுக்கு மேல் என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் இதையும் கேளுங்கள். 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து சோதித்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் அழைத்துப் பார்த்தால், முப்பது வருஷ முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய உடல் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது. ஐம்பது வயதில் ஆறு மாதம் சிறிது சிறிதாகப் பயிற்சியைக் கூட்டியதும், மூச்சும் இதயமும் சேர்ந்து உழைக்கும் அவர்களுடைய திறன் இருபது வயதில் இருந்த அளவுக்கே திரும்பியது. நம் உடம்பைத் தளர்த்துவதில் வயதோடு சேர்த்துச் சும்மா இருப்பதற்கும் பெரிய பங்கு இருக்கிறது. அதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

விடாமல் செய்ய ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் வாசலில் கோலம் போடாத நாளே கிடையாது. கோலம் போட்டு முடித்ததும் மாவு டப்பாவை உள்ளே வைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுங்கள், வேறு வேலையைத் தொடாதீர்கள். தினமும் செய்கிற ஒன்றோடு கோத்துவிட்ட பழக்கம்தான் நிலைக்கும். லண்டனில் இதை ஆராய்ந்தபோது ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு அதைவிட வெகு அதிகம். நடுவில் ஒரு நாள் தவறியதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. விசேஷம், விருந்தாளி, காய்ச்சல் என்று விட்டுப்போனால் மறுநாள் கிளம்புங்கள், அவ்வளவுதான்.

காலைக் காபி போடுவதுதான் தடை என்றால் சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன். அவர் தன் காபியைத் தானே போட்டுக்கொள்ளட்டும், உங்களுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கட்டும். இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம் என்று 2022-க்கான மதிப்பீடு சொல்கிறது. பெண்களுக்கென்று வீட்டில் அரை மணி நேரம் ஒதுக்கப்படாமல் இந்த இடைவெளி குறையாது.

சில எச்சரிக்கைகள். நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் என்று எது வந்தாலும் உடனே நின்றுவிடுங்கள், தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் நடக்கும்போது சர்க்கரை இறங்கிவிடலாம், அதனால் முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொண்டு போங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் வைத்தது வாங்குங்கள். வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் காயம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு வருவேன். அதுவரை ஞாயிறுதோறும் போன் செய்து, எவ்வளவு தூரம் என்று கேட்காமல், கிளம்பினீர்களா என்று மட்டும் கேட்பேன். வந்ததும் இருவரும் சேர்ந்து போவோம். நீங்கள் முன்னால் நடங்கள், உங்கள் வேகத்துக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்