சிவப்புக் குமிழ்

ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் தெருவில் புல்லட் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் பிளக்கைப் படிக்கத் தெரியும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்திருந்தால் காற்று ஜாஸ்தி. காப்பித்தூள் நிறம் வந்தால் சரி. கார்புரேட்டர் ஸ்குரூவைக் கால் திருகு திருப்பிவிட்டு, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பார்கள்.

2001 பிப்ரவரி 28-இல் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், ஊரார் பலரைப் போல நானும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய்வரத் தொடங்கினேன். ஜக்கூர் ஓடுதளத்தில் எஞ்சின் மெக்கானிக்குக் கையாள் வேலை. அங்கேதான் அந்தச் சிவப்புக் குமிழைப் பார்த்தேன்.

செஸ்னா 152-இல் அது திராட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். மிக்ஸ்சர். உள்ளே தள்ளினால் பெட்ரோல் கூடும், வெளியே இழுத்தால் குறையும். மேலே போகப் போகக் காற்று மெலியும். கார்புரேட்டரோ தரையில் கொடுத்த கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மிஞ்சியது கரியாகவும் ஈயமாகவும் பிளக்கில் அப்பும். அதனால் விமானி குமிழை மெல்ல மெல்ல இழுப்பார். எஞ்சின் சுற்று கொஞ்சம் ஏறும். இன்னும் இழுத்தால் எஞ்சின் உதறும். உதறல் போகும்வரை திரும்ப உள்ளே தள்ளினால், அதுதான் அளவு. முழு பவரில் ஏறும்போது மட்டும் இதில் கைவைக்கக் கூடாது. மிஞ்சிய பெட்ரோல்தான் அப்போது சிலிண்டரைக் குளிர்விக்கிறது.

ஆனால் ஜக்கூரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. ஏப்ரல் மதியம் 35 டிகிரி அடித்தால், எஞ்சினுக்கு அது 6,000 அடிக்குச் சமம். அன்றைக்குத் தரையிலேயே, முழு திராட்டிலில் வைத்து, சுற்று உச்சத்துக்கு வரும்வரை குமிழை இழுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வெயிலில் நின்று அந்தச் சத்தம் தெளிவதைக் கேட்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். இருமல் நின்று மூச்சு சீராவது போல இருக்கும்.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் என் அப்பா, நைனா. சுரங்கத்தில், பூமிக்கடியில் துளை போட்டவர். அங்கே காற்றுக்குக் கனம் அதிகம், ஆனால் மேலிருந்து அனுப்பினால்தான் உண்டு. பாறைத்தூசும் அதில் கலந்தே உள்ளே போகும். ராத்திரியெல்லாம் இருமுவார். எஞ்சின் திணறும் சத்தத்தை ஜக்கூர் போவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

வேலை விட்டு வந்ததும், அன்றைக்கு என்ன செய்தேன் என்று கேட்பார். ஒருநாள், "ஏரோப்ளேன எப்படிடா நிறுத்துவாங்க, சாவிய அணைச்சா?" என்றார். இல்லை நைனா, சிவப்புக் குமிழை முழுசா வெளியே இழுத்துடுவாங்க, உள்ளே இருக்கற பெட்ரோல் எரிஞ்சு தீர்ந்து தானா நிக்கும், அப்புறம்தான் சாவி என்றேன். பெட்ரோல் தங்கிவிட்டால், பிறகு யாராவது விசிறியைக் கையால் திருப்பும்போது பற்றிக்கொள்ளலாம்.

நைனா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"நாங்களும் அப்படித்தான். வெடிக்காம நின்ன வேட்டு எதுனா இருக்கான்னு பாத்துட்டுதான் பாறையில கைய வெப்போம்" என்றார். எந்த விரலால் துளையைத் தடவிப் பார்ப்பார் என்று காட்டினார்.