குளிர்மலையில் ஒரு கொதிகலன்

கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவை நம்மவர் பெரும்பாலும் சித்திரை மாதத்திலேயே நாடுகின்றனர். ஆயினும் அந்நகரின் மெய்யான குளிரைத் தை மாதத்திலேயே உணரலாம். சில விடியற்காலைகளில் புல்வெளிமீது உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கும். அவ்வேளையில் யாழ்ப்பாணத்தார் தேடுவது ஏரியையுமன்று, பூங்காவையுமன்று, வெந்நீரையே!

நாம் தங்கிய விடுதியின் பின்புறத்தில் கொதிகலன் ஒன்று இருந்தது. இரும்புப் பீப்பாயைச் செங்கல் அடுப்பில் ஏற்றி, அதன் நடுவே புகைக்குழாயைச் செலுத்தி, முதிய காவலாளர் தாமே அமைத்தது. முன்னர் நாளொன்றுக்கு மூன்று கட்டு விறகு எரிந்ததாம். இப்போது இரண்டே போதுமாம். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளையும் மலைச்சரிவில் வீழ்ந்த கிளைகளையும் தலைச்சுமையாகக் கொண்டுவருபவர் அவருடைய மனைவியார். ஆதலின், குறைந்த அந்த ஒரு கட்டு அவ்வீட்டில் சிறிய செய்தியன்று.

"ஈர விறகு அடுப்பையே தின்னுப்புடுங்க, ஐயா" என்றார் பெரியவர். அது முற்றும் உண்மை. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகும். குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்க வேண்டிய வெப்பத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட வெப்பம், கொதித்த அந்நீரை ஆவியாக்க வேண்டும். எனவே அவர் விறகைப் பிளந்து, காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் மாதக்கணக்கில் உலரவைக்கிறார்.

புகைக்குழாயினுள் முறுக்கிய தகடொன்றையும் இட்டிருக்கிறார். நேரே வெளியேறிய சூடான புகை, இப்போது சுழன்று சென்று நீருக்கு வெப்பத்தைக் கொடுத்தே போகிறது. வெப்பத்தை எளிதிற் கடத்தாத கரியை வாரந்தோறும் சுரண்டிவிடுகிறார். நெருப்புக்குக் கீழே இரும்புக் கம்பித் தட்டு இருப்பதால் காற்று அடியிலிருந்து ஏறுகிறது. அடுப்பின் கதவை மூடிவைப்பதால் மிகையான குளிர்காற்று புகுவதில்லை. பீப்பாயைச் சூழ்ந்த செங்கற்சுவரின் இடைவெளியில் சாம்பலை நிரப்பியமையால், இரவில் காய்ச்சிய நீர் விடியும்வரை சூடாறாதிருக்கிறது.

பீப்பாயின் மேலே திறந்த குழாயொன்றும் உண்டு. மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்க: நீராவி வெளியேற வழியின்றி அடைக்கப்பட்ட கலன் வெடித்துவிடும்.

நம் ஊரில் நெல் அவிக்கும் அடுப்புக்கும் பனங்கட்டி காய்ச்சும் அடுப்புக்கும் உலர்ந்த விறகு, அளவான காற்று, கரியற்ற அடிப்பாகம் என்ற இம்மூன்றும் பொருந்துவனவே. இவற்றைப் பேணினால் வீட்டில் விறகும் மிஞ்சும். சுமப்பவர் கழுத்தும் சற்றே இளைப்பாறும்.