கொளத்தூர் மாடியில் கோரிடோராஸ்... மழை என்று நம்பினால்தான் முட்டை!

சென்னையின் வடக்கே, ரெட்டேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது கொளத்தூர். பெரிய சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது கடையும் ஓட்டலும் நெரிசலும்தான். குறுக்குத்தெருவில் திரும்பினால் வேறு ஊர். ஒரு வீட்டு வாசலில் ஆக்சிஜன் சிலிண்டர் சாய்ந்து நிற்கும். அடுத்த வீட்டுத் திண்ணையில் பிளாஸ்டிக் பைகளுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருப்பார்கள். காது கொடுத்தால், மோட்டார் காற்றை இழுத்துத் தொட்டிகளுக்குள் விடும் 'கொரகொர' சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். மாடிப்படி ஏறினால் துணி காயும் கொடிக்குக் கீழே வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள், அதன்மேல் பச்சை நிழல்வலை.

வண்ண மீன் என்றால் நாட்டில் எங்கிருக்கும் வியாபாரிக்கும் கொளத்தூர் பெயர் தெரியும். இங்கே பெரிய பண்ணை என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஒரு வீட்டில் ஃபைட்டர் மட்டும், இன்னொரு வீட்டில் கப்பி மட்டும், மூன்றாவது வீட்டில் ஏஞ்சல் குஞ்சு வாங்கி வளர்த்து விற்பது என்று வேலை பிரிந்து கிடக்கிறது. புழுத்தீனி கொண்டுவந்து கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்களும் உண்டு. இடம் பற்றாமல் புழல், செங்குன்றம் தாண்டித் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்கள் வரை இந்தத் தொழில் நகர்ந்துவிட்டது.

இந்த மீன்களுக்குள் கொஞ்சம் பொறுமை கேட்பது கோரிடோராஸ். ஊர்வழக்கில் 'கோரி'. நம்ம ஊர்க் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். மீசை உண்டு, செதிலுக்குப் பதிலாக எலும்புத்தகடு உண்டு. பூர்வீகம் தென் அமெரிக்கா. புள்ளிக் கோரியை, பீகிள் கப்பலில் போன டார்வின் பிடித்துவந்த மாதிரியை வைத்துத்தான் 1842-ல் முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். வெண்கல நிறக் கோரியும், அதன் வெள்ளை வகையும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தோதானவை. வளர்ந்தாலும் ஆறேழு சென்டிமீட்டர்தான்.

இதைத் 'தொட்டி சுத்தம் செய்யும் மீன்' என்று கடையில் சொல்லி விற்கிறார்கள். அது பாதிப்பொய். மண்ணைக் கிளறும், மிச்சத்தீனியைத் தின்னும். ஆனால், அதற்கென்று தனியாகத் தீனி போடாவிட்டால் வயிறு ஒட்டிச் செத்துப்போகும். அடியில் கூரான கல் போட்டால் மீசை தேய்ந்து புண்ணாகும். மெல்லிய ஆற்றுமணல்தான் சரி.

முட்டைக்கு மழை வேண்டும்!

கோரியின் பூர்வீக ஆறுகளில் மழைக்காலம் வந்தால் நீர் பெருகும், குளிரும், உப்புத்தன்மை குறையும், புழு பூச்சிகள் அதிகமாகும். குஞ்சுக்குத் தீனி கிடைக்கும் காலம் அது என்று மீனின் உடம்புக்குத் தெரியும். கொளத்தூர் மாடியில் ஆறு ஏது? ஆகவே, மழையை இவர்களே உண்டாக்குகிறார்கள்.

ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் ஆறு முதல் ஒன்பது மீன்களை ஒரு தொட்டியில் விடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் உருண்டு அகலமாக இருப்பது பெண். ஒன்றிரண்டு வாரம் புழுத்தீனியாகப் போட்டுத் தேற்றுகிறார்கள். பிறகு ஒருநாள் சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துவிட்டு, நாலைந்து டிகிரி குளிர்ச்சியான தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறார்கள். காற்றோட்டத்தையும் கூட்டிவிடுகிறார்கள். ஒரே தடவையில் ஏமாறாத மீனுக்கு மறுநாளும் இதே 'மழை'. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், கூரையில் பிடித்த மழைத்தண்ணீரைக் கலந்துகொள்வது பலன் தரும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் காற்றோட்டத்தில் வைத்தாக வேண்டும். கார்த்திகையிலிருந்து மாசி வரை வேலை சுலபம். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால், மீனை உயிரோடு வைத்திருப்பதே பாடு.

விடிகாலையில் ஆண்கள் துரத்தத் தொடங்கும். பெண், ஆணின் வயிற்றருகே வாயை ஒட்டிக்கொள்ள, இரண்டும் 'டி' எழுத்துபோல நிற்கும். ஆணின் விந்தைப் பெண் வாய்வழியே விழுங்கி, அது குடல் வழியாக வந்து முட்டையில் சேர்கிறது என்று வெண்கலக் கோரியில் கண்டிருக்கிறார்கள். கேட்டால் கதைபோல இருக்கும். பிறகு பெண் தன் அடித்துடுப்புகளைக் கூப்பி, அதற்குள் சில முட்டைகளை ஏந்திக்கொண்டு கண்ணாடியைத் தேடிப்போய் ஒட்டிவிட்டு வரும். இப்படியே திரும்பத் திரும்ப. நன்றாகத் தேறிய பெண் நூறுக்கு மேல் வைக்கும்.

வைத்த கையோடு தின்னவும் செய்யும்! அதனால், முட்டையை விரலால் மெல்ல உருட்டி எடுத்துத் தனித்தொட்டியில் அதே தண்ணீரில் விடுகிறார்கள். பூஞ்சணம் வராமல் இருக்க மெத்திலீன் புளூ சில சொட்டு அல்லது காய்ந்த நாட்டு வாதுமை இலை. வெளுத்த முட்டையைப் பார்த்ததும் அப்புறப்படுத்த வேண்டும், விட்டால் பக்கத்து முட்டைக்கும் பரவும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். இரண்டு நாள் வயிற்றுக் கருவே சோறு. அதன்பின் அப்போதே பொரித்த ஆர்ட்டிமியா, நுண்புழு. சேதம் அதிகம் வருவது இந்த இடத்தில்தான். மிஞ்சிய தீனி அடியில் அழுகினால் ஒரே ராத்திரியில் தொட்டி காலி. காலை, மாலை அடித்தண்ணீரை உறிஞ்சி எடுப்பதும் குஞ்சைக் கவனிப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில்தான் இருக்கிறது. விற்கும் அளவுக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகும்.

மழையை வரவழைத்துப் பிழைக்கும் இதே ஊரை, நிஜ மழை அழித்தும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தொட்டிகள் மூழ்கின. வெள்ளம் வடிந்தாலும் கரன்ட் வரவில்லை என்றால், காற்று நின்று மாடித்தொட்டியும் போகும். கோரி, மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும் ஜாதி. ஆகவே, மற்ற மீன்களைவிடக் கொஞ்சம் தாங்கும். குஞ்சுகள் தாங்காது.

'எங்களிடம் கிணறு இருக்கிறது, இடம் இருக்கிறது, செய்யலாமா?' என்று கேட்கும் கிராமத்துக் குடும்பங்களுக்கு, தண்ணீரும் இடமும் கொளத்தூரைவிட மேல்தான். கொளத்தூரில் இருப்பது கூப்பிடு தூரத்தில் வாங்குகிற ஆள். 'தொட்டியை வாங்குங்கள், குஞ்சை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்று முன்பணம் கேட்டு வருகிறவரிடம், ஈமு கோழியை நினைத்துக்கொண்டு பேசுவது நல்லது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடை வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் அலகுக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவிகிதம் மானியம் என்று வகுத்திருக்கிறார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொட்டி கட்டலாம். அதற்குமுன் ஒரு கண்ணாடித்தொட்டி, ஆறு மீன் என்று ஒரு வருஷம் பார்த்துவிடுவது கையைக் கடிக்காது.

விற்கும்போது ஒரு விஷயம். கோரியின் துடுப்பு முள் பையைக் குத்திக் கிழிக்கும், பயந்தால் நஞ்சும் கக்கும். முதல்நாள் தீனியை நிறுத்தி, பிடித்த மீனை ஒரு வாளியில் சற்றுநேரம் விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீரில் இரட்டைப்பை போட்டுக் கட்டுகிறார்கள். கழித்துக்கட்டும் மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடக்கூடாது. அப்படி யாரோ விட்ட சக்கர் மீன்தான் இன்று ஏரிகளில் வலைபோடுகிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.